தாப்பாவிலிருந்து வந்த மூக்கு

போன வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுப் பின்னறையிலிருந்து ஒரு சத்தம். "போச்சு!"

என் கணவர் செல்வம் சத்தம் போடுகிற ரகமே இல்லை. ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடமாக மெஷின் பழுது பார்க்கிறவர். மொத்த மெஷினும் நின்றுபோனால்கூட "சரி, பாப்போம்" என்பதோடு சரி. அப்படிப்பட்டவர் "போச்சு" என்றால்... விரலை வெட்டிக்கொண்டாரோ என்று அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

விரல்கள் பத்திரமாக இருந்தன. போனது ஒரு ஜெட் விமானத்தின் மூக்கு.

ஐம்பத்தைந்து வயதில் பிளாஸ்டிக் விமானம் ஒட்டிக்கொண்டிருக்கும் மனிதரை, வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறேன்! நீங்களும் சிரித்திருக்கிறீர்கள். இந்த வாரம் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன். காரணம் இருக்கிறது.

முதலில், இப்படி விமானம் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு விமானத்துக்கு ஒரு பெட்டி போதாது. ஒரு பெட்டியில் உடம்பு அழகாக இருக்கும், சக்கரம் சொதப்பல். இன்னொன்றில் சக்கரம் பிரமாதம், இறக்கை கோணல். அதிலிருந்து இதற்கு, இதிலிருந்து அதற்கு என்று வெட்டி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். உருப்படியாக ஒன்று பறக்குமா? பறக்காது. அலமாரியில் உட்காரும்.

ஆனால் இந்த விமானம் எங்கள் அலமாரிக்கு இல்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் கந்தையா அங்கிளுக்கு. விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்தவர். துப்பாக்கிக்குப் பதிலாக மூக்கில் கேமரா வைத்த போர் விமானம் ஒன்று அப்போது இருந்ததாம். மேலே போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருமாம். அந்தக் கேமராவுக்கு ஃபிலிம் மாட்டுவது அங்கிளின் வேலை. ஓய்வு பெற்றதும் அந்த விமானத்தைத் தன் கையால் செய்ய வேண்டும் என்று, பாகங்கள் அடங்கிய ஒரு கிட் வாங்கி வைத்தார். வைத்ததோடு சரி. கை நடுக்கம் வந்துவிட்டது.

"தம்பி, நீர்தான் செய்து தரவேணும்" என்று பெட்டியை இவரிடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தருவதாக இவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கிட்டில் சாதாரண மூக்குதான் இருந்தது. கேமரா மூக்கு இவரிடம் இருந்த வேறொரு பழைய ஜப்பான் கிட்டில் இருந்தது. அவ்வளவுதானே? இதன் மூக்கை அறுத்துவிட்டு அதன் மூக்கை ஒட்டினால் முடிந்தது. அறுத்தார். இரண்டையும் அறுத்தார். பிறகு சேர்த்துப் பார்த்தார்.

மூக்கு சின்னது. உடம்பு பெரியது. சுற்றிலும் நகத்தின் கனத்துக்கு ஒரு படிக்கட்டு.

"அளந்து பாக்காமலா அறுத்தீங்க?"

"ரெண்டும் நாப்பத்தெட்டுல ஒண்ணுன்னு நெனச்சேன்லா. இது அம்பதுல ஒண்ணு போல."

அதாவது, நிஜ விமானத்தை நாற்பத்தெட்டு மடங்கு சுருக்கினால் ஓர் அளவு, ஐம்பது மடங்கு சுருக்கினால் இன்னோர் அளவு. சரி, எத்தனை மடங்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெட்டியின் மேலேயே பெரிதாகப் போட்டிருக்குமாம்.

அந்த ஜப்பான் கிட்டின் பெட்டி எங்கே?

இந்த இடத்தில் உங்கள் பத்தியாளர் மெல்ல அடுப்படிக்கு நழுவப் பார்த்தாள். தீபாவளிக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்தபோது, 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு பழைய பேப்பர் லோரி வந்தது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் பாகங்களைப் பொறுப்பாக ரொட்டி டின்னில் கொட்டிவிட்டு, காலிப் பெட்டிகளை மடித்து லோரியில் ஏற்றியவள் நான். அறை பளிச்சென்று ஆனதில் பெருமை வேறு.

இவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அறுத்த மூக்கைத் துடைக்கத் தொடங்கினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"பட்டி போட்டு, தேச்சு மறைக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"மத்தவங்களுக்குத் தெரியாது. அங்கிள் தெனம் கை வச்ச மூக்கு அது. தடவிப் பாத்தா தெரிஞ்சிரும்."

அறுத்த பழைய மூக்கையே திரும்ப ஒட்டலாம். அப்படி ஒட்டினால் அது கேமரா இல்லாத, வேறு யாரோ வேலை பார்த்த விமானம்.

சரியான அளவில் கேமரா மூக்கு இருந்தது ஒரே ஒருவரிடம். தாப்பா ஊரில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் ரவி. அவரும் விமானம் ஒட்டுகிறவர். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத முழுக் கிட். இப்போது கடைகளில் கிடைக்காது. ஆனால் ரவியும் இவரும் பேசி மூன்று மாதம் ஆகிறது. ரவி இவர்களுடைய வாட்ஸ்ஆப் குருப்பில் போட்ட விமானத்தைப் பார்த்து, 'முன்சக்கரத்தத் திருப்பி மாட்டியிருக்கு' என்று இவர் எழுதினார். அத்தனை பேர் முன்னாலும். ரவி குருப்பை விட்டே போய்விட்டார்.

இவர் கேட்க மாட்டார். கேட்க வேண்டியவள் யார்? பெட்டியை லோரியில் ஏற்றியவள்.

"ரவி, செல்வம் அண்ணன் வீட்டு அக்கா பேசுறேன்..." என்று தொடங்கி மூக்கு விவகாரத்தைச் சொன்னேன்.

"கந்தையா அங்கிளுக்காக்கா? சனிக்கெழம வாங்க. அண்ணனயும் கூட்டிட்டு வாங்க."

சனிக்கிழமை போனோம். ரவி தேநீர் கொடுத்தார். பிறகு பெட்டியைக் கொண்டுவந்து, எங்கள் எதிரிலேயே பிளேடால் உறையைக் கிழித்தார். எனக்கே மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"டேய், யோசிச்சுக்கோ" என்றார் இவர்.

"யோசிச்சாச்சுண்ணே." பாகங்கள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து மூக்கின் இரண்டு பாதிகளையும் நறுக்கி எடுத்து, இவர் கையில் வைத்தார். "சரி, என்னோடது?"

இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பாகத்துக்குக் காசு வாங்க மாட்டார்கள். ஒரு பாகத்தை எடுத்தால் இன்னொரு பாகத்தை வைக்க வேண்டும். எடுத்த இடம் காலியாக இருக்கக் கூடாது. இவர் ஒரு டப்பா நிறைய நல்ல நல்ல சாமான்களாகக் கொண்டு போயிருந்தார். ஏவுகணை, விமானி இருக்கை, என்னென்னவோ. அளவு பார்க்க அந்தச் சின்ன மூக்கும். ரவி எதையும் தொடவில்லை.

"அந்தச் சின்ன மூக்கக் குடுங்க. என் பிளேனுக்கும் மூக்கு வேணும்லா."

"அது சேராதுடா!"

"தெரியும்ணே. குடுங்க."

கொடுத்தார். வாசல் வரை வந்த பிறகு, செருப்பைப் பார்த்துக்கொண்டே இவர் சொன்னார்: "அந்தச் சக்கரம்... குருப்புல சொல்லியிருக்கக் கூடாது. தனியா சொல்லியிருக்கணும்."

"ஆனா சக்கரம் தப்பு தானேண்ணே?"

"தப்பு தான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மூன்று மாதச் சண்டை அத்தோடு முடிந்தது. நம் குடும்பங்களில் ஒரு கல்யாணப் பத்திரிகைச் சண்டை எத்தனை வருடம் ஓடுகிறது?

ஞாயிறு மாலை கந்தையா அங்கிள் வீட்டுக்கு விமானத்தைக் கொண்டுபோனோம். அங்கிள் அதை மடியில் வைத்துக்கொண்டார். கை நடுங்கியது, அதோடு சேர்ந்து விமானமும் நடுங்கியது. மூக்கு நுனியிலிருந்து விரலை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டே போனார். இவர் மூச்சே விடவில்லை. நானும்தான். ஒட்டிய இடத்தில் விரல் நிற்கவில்லை. தாண்டிப் போய்விட்டது. பிறகு திரும்பி வந்து, மூக்கின் பக்கவாட்டில் ஒரு சின்னச் சதுரக் கோட்டில் நின்றது.

"இந்தக் கதவைத் திறந்துதான் நான் ஃபிலிம் போடுறனான், பிள்ளை" என்றார் என்னிடம். அந்தச் சதுரத்தையே திரும்பத் திரும்பத் தடவினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

மறுநாள் ரவி குருப்பில் திரும்பச் சேர்ந்து ஒரு படம் போட்டார். பெரிய உடம்பு, சின்ன மூக்கு, நடுவில் படிக்கட்டு. பட்டிகூடப் பூசவில்லை. கீழே ஒரு வரி: 'இது செல்வம் அண்ணன் மூக்கு. அலமாரியில முதல் தட்டு.'

எல்லாரும் சிரித்துத் தீர்த்தார்கள். "அளக்காம எப்படிண்ணே அறுத்தீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இவர் எழுதிய பதிலை நான் எட்டிப் பார்த்தேன். 'என் தப்பு. அவசரப்பட்டுட்டேன்.' அவ்வளவே. பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் குருப்பில் நான் இல்லை. ஆனால் அதில் இருக்கும் அத்தனை பேர் வீட்டிலும் இந்தப் பத்தியைப் படிக்கிறார்கள் என்று தெரியும். ஆகவே, ஐயாமார்களே... பெட்டியை லோரியில் ஏற்றியவள் நான்.