வாய்க்காலில் விட்ட வெள்ளைத் தவளைகள்

பாகூர் கடைத்தெருவில் நிஜாமுதீனின் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. வாசலில் அடுக்கியிருக்கும் கண்ணாடித் தொட்டிகளே போதும். சைக்கிளில் துணி விற்று, பிறகு செருப்புக் கடை வைத்து, இரண்டும் சரிப்படாமல் வளர்ப்பு மீனுக்கு வந்தவர். சென்னையிலிருந்து வரும் மீன் பைகளோடு சில வருடங்களாக வெள்ளைத் தவளைகளும் வந்தன. பூர்வீகம் ஆப்பிரிக்கா. தண்ணீரிலேயே கிடக்கும். பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிப் போனார்கள்.

வளர்ந்துவிட்டால் மீனைத் தின்னும். அப்புறம் யாரும் வாங்க மாட்டார்கள். மற்ற கடைக்காரர்கள் என்ன செய்வார்களோ, நிஜாமுதீனால் தவளையைக் கொல்ல முடியாது. மார்க்கத்தில் கூடாது, சின்ன வயதில் ஓதப் போனபோதே மனதில் பதிந்தது. அதனால் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வாளியில் எடுத்துப் போய் ஏரி வாய்க்காலில் விடுவார். தொட்டித் தண்ணீரையும் அங்கேயே கவிழ்ப்பார். அன்றைக்குச் சோறு கொஞ்சம் கூடுதலாக இறங்கும்.

இந்த மழைக்காலத்தில், வாய்க்காலில் வலை போட்ட ஒருவருக்கு வெள்ளைத் தவளை சிக்கியது. படம் கைப்பேசிகளில் சுற்றியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆரோக்கியசெல்வி கடைக்கு வந்தாள். கல்லூரியில் தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள்.

"நான் உட்டதுதாம்மா," என்றார் நிஜாமுதீன், பெருமையாக. "நல்லா இருக்குதா?"

அவள் பையைத் திறந்தாள். பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டித் தவளைகளின் வயிற்றையும் காலையும் தேய்த்து எடுத்துக்கொண்டாள். வாய்க்கால் தவளைகளையும் பிடித்து அப்படியே செய்தாள். சில வாரம் கழித்து மறுபடி வந்தாள்.

"பாய், உங்க தவளைத் தோல்ல பூஞ்சை இருக்கு."

"இன்னா, படர்தாமரையா? களிம்பு தடவிட்டா போச்சு."

சாப்பாடு கொண்டுவந்திருந்த அவர் மனைவி கைருன்னிசா, "மொதல்ல உங்க முதுகுக்குத் தடவுங்க," என்றாள்.

ஆரோக்கியசெல்வியும் சிரித்துவிட்டுத்தான் விளக்கினாள். இந்தத் தவளையைப் பூஞ்சை பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. இது சுமந்துகொண்டு திரியும். மற்ற தவளைகளில் பல தாங்காது. தவளை தோலால் மூச்சு விடுகிறது, தோலால் தண்ணீர் குடிக்கிறது. தோல் கெட்டால் இதயம் நின்றுவிடும். உலகத்தில் எத்தனையோ தவளை இனங்கள் இப்படி அழிந்திருக்கின்றன. பூஞ்சையின் தொடக்கம் கொரியா பக்கமாக இருக்கலாம் என்கிறார்கள். கப்பலிலும் விமானத்திலும் ஏற்றி விற்ற தவளைகளோடு அது கண்டம் தாண்டியது. தண்ணீரிலும் பரவும்.

"யாவாரத்துல வந்துதுன்றே."

"யாவாரத்துலயும், வெளிய உடறதுலயும் பாய்."

நிஜாமுதீன் மூலையில் இருந்த வாளியைப் பார்த்தார். "வாய்க்கால்ல?"

"நான் புடிச்சதுல எதுலயும் கிடைக்கல. அதுக்காக இல்லவே இல்லன்னு சொல்ல முடியாது."

நிஜாமுதீன் வாளியை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"மீதிய எங்கிட்ட குடுத்துடுங்க பாய். மயக்க மருந்து போட்டுடுவோம். வலி தெரியாது."

"அப்புறம் முழிக்குமா?"

"முழிக்காது."

"அப்ப வேணாம்மா."

"மருந்துத் தண்ணில வெச்சுப் பாக்கலாம். ஆனா சுத்தமா போயிடும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்."

"கொல்லவும் மாட்டேன், உடவும் மாட்டேன், விக்கவும் மாட்டேன். நானே வெச்சுக்கறேன். எத்தினி வருசம் இருக்கும்?"

"நல்லா பாத்துக்கிட்டா பதினஞ்சு வருசம்கூட."

"சரியாப் போச்சு," என்றாள் கைருன்னிசா. "நம்ம ரெண்டு பேரையும் அடக்கம் பண்ணிட்டுத்தான் அதுங்க போகும்."

தவளைத் தொட்டி வீட்டுப் பின்னறைக்குப் போனது. மேலே கம்பி வலை மூடி. அதற்கென்று தனி வாளி, தனிக் குவளை. மாற்றிய தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கரைத்து, ஒரு நாள் வைத்திருந்து, கக்கூஸில் ஊற்றுகிறார். சென்னை வியாபாரியிடம் இனித் தவளை அனுப்ப வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் வாய்க்காலுக்குப் போகிறார், வெறுங்கையோடு. செத்த தவளை ஏதாவது கிடந்தால் ஆரோக்கியசெல்விக்குச் சொல்ல வேண்டும். இதுவரை ஒன்றும் கண்ணில் படவில்லை. அதை வைத்து அவர் நிம்மதி அடைவதும் இல்லை.

போன வாரம் துபாயிலிருந்து மகன் ஆமிர் பேசினான். பேச்சோடு பேச்சாக, "எனக்கு இன்னா அத்தா சேத்து வெச்சிருக்கே?" என்று கிண்டல் செய்தான்.

"வூடு உனக்குத்தான்டா. பின்னால இருக்கிற தொட்டியும் உனக்குத்தான்."

"தவளையா? ஏரில உட்டுட்டுப் போ அத்தா."

"அதத்தான்டா செய்யக் கூடாது."

நிஜாமுதீன் ஒரு வாளித் தண்ணீருக்கு எவ்வளவு பவுடர் என்று சொல்ல ஆரம்பித்தார்.