நாலாம் திருவிழா அன்று நான் போட்ட வீடியோ

மாமா கிணற்றுக் கட்டின்மேல் தேசிக்காயை வைத்து உள்ளங்கையால் உருட்டிக்கொண்டிருந்த அந்தப் பின்னேரம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அப்படி உருட்டினால்தான் எலுமிச்சையின் புளி முழுக்க இறங்குமாம். பக்கத்தில் ஒரு மஞ்சள் வாளியில் அன்று காலையில் இறக்கிய பனங்கள்ளு, சீவி வைத்த இளநீர் இரண்டு, நீட்டுக்குக் கீறின பச்சைமிளகாய், ஒரு சிரட்டையில் உப்பு. கள்ளில் பாதி, இளநீரில் பாதி, அதற்குள் தேசிப்புளி, மிளகாய், ஒரு சிட்டிகை உப்பு. கலக்கி முடித்ததும் பனையோலைப் பிளாவில் வார்த்து என் கைபேசிக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். “லண்டனிலை உதுக்கு என்ன பேர் சொல்லுறவை?” என்றார். கொக்ரெயில் என்றேன். “அப்ப எங்கடை ஊர்ப் பேரிலை எழுதும், புளியங்கூடல் கொக்ரெயில்!” என்று சொல்லி ஒரே இழுவையில் குடித்தார். மீசையில் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டே, “தம்பி, உதை ஒருத்தருக்கும் காட்டிப்போடாதையும். கோயில் கொடியேற்றம் வருது” என்றார். ஓம் மாமா என்றேன். அவ்வளவையும் கைபேசி பதிந்துகொண்டது.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. ஊர்காவற்றுறையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்குக் கோல் காத்தவர். அவருடைய கதைக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. நண்டுக்கு முருங்கையிலை எப்போது போடவேண்டும் என்று தொடங்குவார். நடுவில் முந்தைய நாள் கிரிக்கெற்றில் அந்த விசரன் ஏன் அந்தப் பந்தை அடிக்கப் போனான் என்று ஏசுவார். புதுப் படமொன்றின் பாட்டைக் கேட்டுவிட்டு “உதென்ன பாட்டோ, தண்ணி மோட்டர் இழுக்கிற மாதிரி” என்பார். கடைசியில் திரும்ப நண்டில் வந்து நிற்பார். கேட்டுக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாது.

லண்டனில் நான் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தேன். எந்தக் கடைக் கொத்துரொட்டி நல்லது, எந்த மதுச்சாலையில் புதிதாக என்ன கலக்குகிறார்கள், சனிக்கிழமை ஆட்டத்தில் நடுவர் செய்த அநியாயம் என்ன, இந்த வாரம் வலையில் கண்ட பகிடிப் படம் எது, இவ்வளவுதான் அதில் இருக்கும். வாசித்தவர்கள் “என்ன ஒரு நடை!” என்று எழுதுவார்கள். அது என் நடை இல்லை. சொல்லுக்குச் சொல் மாமாவின் கதை. அவருடைய பகிடியை எடுத்து என் பெயரில் விட்டுக்கொண்டிருந்தேன். அதை நான் ஒரு நாளும் ஒருவருக்கும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்ல வந்த வெட்கம் இதைவிடப் பெரியது.

ஊர்க்கோயில் திருவிழா பத்து நாள். பத்து நாளும் மடத்தில் அன்னதானம். அங்கே கறிக் கிடாரத்துக்குப் பொறுப்பு மாமா. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அப்படித்தான். வருசத்தில் மற்ற நாட்களில் அவர் கள்ளுக் குடிப்பார், அதை ஒளித்ததும் இல்லை. ஆனால் கொடியேற ஒரு கிழமைக்கு முன்பே எல்லாவற்றையும் விட்டுவிடுவார். மீன் இல்லை, முட்டை இல்லை, வெளியில் ஒரு வாய் தேத்தண்ணீர்கூட இல்லை. விடிய நாலு மணிக்குக் கிணற்றில் குளித்து, ஈர வேட்டியோடு மடத்துக்குப் போவார். சாமிக்குப் படைக்கும்வரை அந்தக் கறியை ஒருவரும் ருசி பார்க்கக்கூடாது. ஐந்நூறு பேருக்கான பூசணிக்காய்க் கறியில் உப்புக் காணுமோ காணாதோ என்று நாக்கில் வைக்காமல் சொல்ல வேண்டும். மாமா கிடாரத்தின் மேல் குனிந்து ஆவியை முகர்ந்து பார்த்து, “இன்னும் ஒரு கை” என்பார். ஒரு நாளும் கணக்குப் பிழைத்ததாக நான் அறியவில்லை. அந்த இடத்தில் நிற்பதுதான் அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த மரியாதை. வேலையில் பதவி உயர்வு கிடைக்காததை ஒரு நாளும் அவர் பெரிதாகக் கதைத்ததில்லை, மடத்தைப் பற்றிக் கதைத்தால் குரல் மாறிவிடும்.

அந்த முறை நான் மூன்று கிழமை விடுமுறையில் வந்திருந்தேன். சாட்டிக் கடற்கரையில் குளித்தது, ஒடியல் கூழ் குடித்தது, ஊர் மைதானத்தில் கரப்பந்தாட்டம் பார்த்தது என்று தினமும் பக்கத்தில் போட்டேன். லண்டன் மழையைப் பற்றி எழுதியபோது எட்டிப் பார்க்காத சனம் எல்லாம் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தது. எனக்குத் தலை கிறுகிறுத்துப் போனது என்றே சொல்லவேண்டும். கொடியேற முன்பே விடுமுறை முடிந்து லண்டனுக்குத் திரும்பினேன். திரும்பியதைப் பக்கத்தில் மட்டும் சொல்லவில்லை. எடுத்து வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, “இன்று கூழ்”, “இன்று நண்டு” என்று, இன்னும் ஊரில் நிற்பதுபோலவே போட்டுக்கொண்டிருந்தேன். இங்கே கம்பளிச் சட்டையோடு ரயிலில் நின்றபடி, அங்கே கடலில் கால் நனைப்பதாக எழுதினேன். அதில் யாருக்கு என்ன கெடுதல் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு கிழமையில் படங்கள் தீர்ந்துவிட்டன. ஒரு வெள்ளிக்கிழமை போடுவதற்கு ஒன்றும் இல்லை. கைபேசியைக் கிண்டியபோது கிணற்றடி வீடியோ அகப்பட்டது. மாமா கடைசியில் சொன்ன வசனத்தை வெட்டி எடுத்தேன். “காட்டிப்போடாதையும்” என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே, எந்த இடத்தில் வெட்டினால் தெரியாது என்று இரண்டு தரம் பார்த்துப் பார்த்து வெட்டினேன். “இன்று மாமாவோடு புளியங்கூடல் கொக்ரெயில்” என்று எழுதிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அன்று ஊரில் நாலாம் திருவிழா. அது என் நினைவில் இருக்கவில்லை என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். காலையில் அம்மா தொலைபேசியில் சொல்லியிருந்தா.

அந்த வீடியோ ஓடிய ஓட்டம் என் வேறெந்தப் பதிவும் ஓடவில்லை. மத்தியானத்துக்குள் எத்தனையோ பேர் சிரித்தார்கள், செய்முறை கேட்டார்கள். பின்னேரம் கனடாவிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் அதை எடுத்து ஊர்ச்சனத்தின் குழுவில் போட்டு, “மடத்துக் கிடாரத்தடியில் நிற்கிற கை இது. திருவிழா நாளில் இந்தக் கையில் என்ன இருக்கிறது பாருங்கள்” என்று எழுதினார். பிறகு சொல்லவா வேண்டும்! பிரான்சிலிருந்து ஒருவர், சுவிசிலிருந்து ஒருவர், மாமாவின் முகத்தையே பார்த்திராத ஒருவர் என்று ஆளாளுக்குத் தூற்றினார்கள். இதுதான் பக்தியா, இந்தச் சோற்றைத்தான் சாமிக்குப் படைக்கிறீர்களா என்றெல்லாம் கேட்டார்கள்.

மறுநாள் மாமி தொலைபேசியில் வந்தா. மாமி சத்தம் போடவில்லை, ஏசவில்லை. “தம்பி, அந்த வீடியோ எப்ப எடுத்ததெண்டு ஒரு வரி எழுதிவிடும். அது காணும். அவர் நேற்றிலிருந்து சாப்பிடேல்லை” என்றா. எழுதுகிறேன் மாமி என்றேன். கைபேசியைக் கையில் எடுத்தும் விட்டேன். அந்த ஒரு வரியை எழுதினால், கூழும் நண்டும் கடலுமாக இரண்டு கிழமை நான் போட்டதெல்லாம் பொய் என்று ஆகிவிடும். என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். புதிதாக வந்த சனம் போய்விடும். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அன்று நான் யோசித்தது இதைத்தான். எழுதாமல் வீடியோவை மட்டும் அழித்தேன். அழித்ததோடு பிரச்சினை அடங்கும் என்று நினைத்தேன். “அழித்துப்போட்டார்கள், அப்போ உண்மைதான்” என்று அந்தக் குழுவில் முடிவு கட்டிவிட்டார்கள்.

அடுத்த கிழமை மாமாவோடு கதைத்தேன். வீடியோவைப் பற்றி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. “அந்தப் பெனால்ரியைப் பார்த்தனீரோ? கோல்கீப்பர் முதலே விழுந்திட்டான், மடையன்” என்றார். எனக்குப் பெரிய ஆறுதல். எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அவர் மடத்தை விட்டு விலகிவிட்டார் என்று பிறகு அம்மா சொன்னபோதுகூட, வயது போய்விட்டது, இனி ஆறுதலாக இருக்கட்டுமே என்றேன். சீ, என்ன மனுசன் நான்!

அடுத்த வருசம் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தேன். மாமா விறாந்தையில் கதிரையில் இருந்து, கைபேசியில் கிரிக்கெற் பார்த்துக்கொண்டிருந்தார். திருவிழாப் பகலில் அவரை வீட்டில் கண்டது அதுவே முதல் தரம். மடத்தில் சாப்பிட்டுவிட்டு வரும்படி என்னை அனுப்பினார். “நீங்கள் வரேல்லையோ?” என்றேன். “நான் பிறகு வாறன்” என்றார். அவர் வரவில்லை.

மடத்தில் பந்தியில் இருந்தேன். எல்லோரும் முகம் பார்த்துச் சிரித்தார்கள், எப்போது வந்தனீர் என்று கேட்டார்கள், மறுக்க மறுக்கப் பாயசம் வார்த்தார்கள். பூசணிக்காய்க் கறியில் உப்பில்லை. பக்கத்தில் இருந்தவர் உப்புக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் இலையை மடித்துவிட்டு எழும்பினேன். கை கழுவும் இடத்தில் மடத்துத் தலைவர் நின்றார். எப்படியோ வாய் திறந்துவிட்டேன். “அண்ணை, ஒரு உண்மை சொல்லவேணும். அந்த வீடியோ திருவிழாவுக்கு முதல் எடுத்தது” என்றேன்.

அவர் தோளில் கிடந்த துவாயில் கையைத் துடைத்தார். “உது எங்களுக்குத் தெரியாதே, தம்பி? உம்மை எயார்போட் வாகனத்திலை ஏத்திவிட்டது என்ரை மகன். அண்டைக்கு இஞ்சை கொடியே ஏறேல்லை. லண்டனிலை நிக்கிற நீர் எப்பிடி நாலாம் திருவிழாவிலை கிணத்தடியிலை நிண்டு படம் எடுக்கிறது? ஊரிலை சின்னப் பிள்ளைக்கும் தெரியும்” என்றார்.

“அப்ப ஏன் ஒருத்தரும் வெளிநாட்டுச் சனத்துக்கு எழுதேல்லை?” என்றேன்.

“எழுதத்தான் வெளிக்கிட்டனாங்கள். உம்மடை மாமாதான் விடேல்லை. ‘நீங்கள் எழுதினால் என்ரை மருமோன் பொய்யன் எண்டு உலகம் முழுக்கத் தெரியவரும். நான் குடிக்கிற ஆள்தானே, அண்டைக்கும் குடிச்சதாவே இருக்கட்டும். நான் விலகுறன்’ எண்டு சொல்லி, அகப்பையைக் கழுவி வைச்சிட்டுப் போனவர். உமக்குச் சொல்லவேண்டாம் எண்டும் கேட்டவர். நான் சொல்லிப்போட்டன்.” துவாயைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு, “இனி ஒண்டும் செய்ய ஏலாது தம்பி. இப்ப கிடாரத்தடியிலை நிக்கிற ஆளை விலகச் சொல்லுறதே?” என்று சேர்த்துக்கொண்டார்.

ஊர் முழுக்கத் தெரிந்துகொண்டுதான் எனக்குப் பாயசம் வார்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு நடந்த அந்தக் கொஞ்சத் தூரம் முழுவதும், எதிரே வந்தவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை.

வீட்டுக்கு வந்ததும் விறாந்தை ஓரத்தில் இருந்து எழுதினேன். எப்போது எடுத்தேன், அவர் என்ன சொன்னார், நான் எதை வெட்டினேன், மாமி கேட்டும் ஏன் எழுதவில்லை, இரண்டு கிழமையாக எங்கே இருந்துகொண்டு எதைப் போட்டேன், எல்லாம் எழுதினேன். போடுவதற்கு முன் மாமாவிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாக வாசித்தார். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை. வாசித்து முடித்ததும், “உதென்னத்துக்கு இப்பிடி எழுதுறீர்? மறந்துபோய்ப் போட்டிட்டன் எண்டு எழுதும், காணும்” என்றார்.

“மறக்கேல்லை, மாமா” என்றேன்.

அவர் கைபேசியைத் திருப்பித் தந்தார். எழுதியபடியே போட்டேன். பழைய கதை என்பதால் அவ்வளவாக ஒருவரும் பார்க்கவில்லை. தூற்றியவர்களில் ஒருவர் மட்டும் கை கூப்புகிற சின்னப் படமொன்றைப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் விடிய நாலு மணிக்குக் கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டு எழும்பினேன். மாமா குளித்துக்கொண்டிருந்தார். விலகிய பிறகும், கொடியேற ஒரு கிழமைக்கு முன்பிருந்து அவர் விரதம் இருக்கிறார் என்று மாமி அப்போதுதான் சொன்னா. ஈர வேட்டியைப் பிழிந்து கட்டி, திருநீறு பூசி, வாசல் படலையைத் திறந்து வைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். மடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவர்கள் கதைத்துக்கொண்டு ஒழுங்கையால் போனார்கள். கோயில் மணி கேட்டது. நன்றாக விடியும்வரை மாமா படலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மடத்திலிருந்து ஒருவரும் கூப்பிட வரவில்லை.