முதல் பேரு ஷவான்

ரஸ் டுடெக்குக்கு ராப் பாட வரும் என்று நியூயார்க்கில் ஒருவனும் சொல்லவில்லை. கிளீவ்லாந்து சொன்னது. அது போதும். எங்கள் ஊர் இரும்பை உருக்கிய ஊர்; எது கம்பி, எது தகரம் என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடும். அந்த ஊரை ஒரு கோடைகாலம் முழுக்க ஒருவன் ஏமாற்றினான் என்றால் அவனிடம் ஏதோ சரக்கு இருந்திருக்கத்தான் வேண்டும்.

ரஸ் வெள்ளைக்காரன். போலந்துக் குடும்பம். கிளீவ்லாந்தின் பிராட்வே சாலைக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவன். அவன் நடக்கப் பழகிய நாளில் தெருவில் முக்கால்வாசிப் பேர் போலந்துக்காரர்கள். அவனுக்கு மீசை அரும்புவதற்குள் அவர்கள் எல்லாரும் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, வெள்ளையர் புறநகரான பார்மாவுக்குப் போய்விட்டார்கள். அவன் அம்மா டோரதி மட்டும் அசையவில்லை. கறுப்பர்கள் குடிவந்ததால் கூரை ஒழுகுகிறதா, ஒழுகுகிற கூரை பார்மாவில் மட்டும் நின்றுவிடுமா என்று தன் தம்பியிடம் கேட்டாள். தம்பி போய்விட்டார். அவளிடம் போகக் காசும் இல்லை. ஆக, ரஸ் விளையாடியது, அடி வாங்கியது, அடுத்தவன் அம்மாவிடம் திட்டு வாங்கியது எல்லாம் கறுப்பர் வீட்டுப் பிள்ளைகளோடுதான். ராப்பை அவன் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டுச் சன்னல் வழியாக அதுவே வந்து அவன் மடியில் விழுந்தது.

அந்தச் சன்னல் ஷவான் போல்டனுடையது. ரஸ்ஸின் வயதுதான். முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் வேலை. வேலை முடிந்தால் வீட்டு நிலவறைக்குள் இறங்கிவிடுவாள். அங்கே இரண்டு தட்டு சுற்றும் கருவிகள், சித்தப்பா விட்டுப்போன பழைய இசைத்தட்டுகள். ஏதோ ஒரு பழைய பாட்டின் வாலில் நாலு அடி முரசு கிடக்கும். அதைக் கிள்ளி எடுத்து, திருப்பித் திருப்பி ஓடவிட்டு, செத்தவனையும் எழுந்து உட்காரவைத்துவிடுவாள். நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் அவள் காதுக்கு நிகரான காது கிடையாது. கிடையாது என்றால் கிடையாது.

ரஸ் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, காருக்கு சைலன்சர் மாட்டும் பட்டறையில் சேர்ந்தான். பகலெல்லாம் சத்தத்தை அடக்குவது, சாயங்காலம் ஷவான் வீட்டு நிலவறையில் சத்தம் போடுவது. தொண்ணூற்று மூன்றாம் வருடத்துக் கோடையில் இருவரும் சேர்ந்து ஒரு கேசட் போட்டார்கள். உறையில் படம் கிடையாது. படத்துக்குக் காசு இல்லை என்பது உண்மை. ‘பிராட்வே ரெட்’ என்று பேர் மட்டும் இருந்தது. ரஸ்ஸின் தலைமுடி செம்பு நிறம், அதனால் ரெட். ஆனால் எங்கள் ஊரில் மேனியில் கொஞ்சம் சிவப்போடிய கறுப்பனுக்கும் ரெட் என்றுதான் பட்டம். கேசட்டை வாங்கினவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்கள். குரலும் அதற்குத் தோதாக இருந்தது. அந்தத் தெருவில் வளர்ந்த குரல் வேறெப்படி இருக்கும்?

முடிதிருத்தும் கடைகளில் கேசட் விற்றது. கார் கழுவும் இடங்களில் விற்றது. ஒருநாள் பட்டறையில் ரஸ் ஒரு பழைய காருக்கு அடியில் மல்லாந்து கிடக்கும்போது, மேலே அதே காரில் அவன் கேசட்டே ஓடியது. கார்க்காரர் தன் மச்சானிடம் பீற்றிக்கொண்டிருந்தார். இந்த ரெட்டைத் தனக்கு நன்றாகத் தெரியும், தன் சித்தி மகனோடு படித்தவன், ஆறடி உயரம், நல்ல குடும்பத்துக் கறுப்பன் என்றார். ரஸ் அடியில் கிடந்தபடி எல்லாவற்றையும் கேட்டான். முகத்தில் துரு உதிர்ந்தது. வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவனுக்கு அது இனித்தது.

ஆகஸ்டு கடைசியில் ஸ்கேட்டிங் கூடத்துக்காரர் ஷவானைக் கூப்பிட்டு, செப்டம்பரில் வரும் தொழிலாளர் தினத்துக்கு முந்திய ஞாயிறு மதியம் ரெட் வந்து பாடவேண்டும் என்றார். சக்கரம் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஆட்கள் வரும் நாள். ஊர் முதல்முறையாக முகத்தைப் பார்க்கப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஊளை விழுந்தால் அத்தோடு சரி. அப்புறம் எந்தக் கடையிலும் அந்தக் கேசட் விற்காது, அவன் வாயிலிருந்து வருவதை எவனும் நம்ப மாட்டான். பார்மாவில் அவனுக்கு இடமில்லை. மாமா ஏற்கெனவே அவனைக் கோமாளி என்றுதான் கூப்பிடுகிறார். பிராட்வேயிலும் இல்லை என்றாகிவிட்டால் வேறு எங்கே போவது?

அதற்கு இரண்டு நாள் முன்னால், முடிதிருத்தும் டாலிவர் கடையில் உட்கார்ந்திருந்த ஷவான் அந்தக் கேசட்டைக் கடைசிவரை கேட்டாள். அதுவரை கேட்கவில்லை. தாளத்தை முடித்துக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனவள் அவள். கடைசிப் பகுதியை ரஸ் தனியாகப் பேசிப் பதிந்திருந்தான்.

கடைசிப் பகுதி என்றால் பேர் சொல்லும் இடம். தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். பாடினவன் வேண்டியவர்கள் பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லுவான். தெரு, கூட்டாளி, செத்தவன், சிறையில் இருப்பவன், கடனுக்குச் சோறு போட்ட கடைக்காரர். பாட்டு சுமாராக இருந்தாலும் மன்னிப்பு உண்டு. பேர் விட்டுப்போனால் கிடையாது. அண்ணன் பேரை விட்டதற்காகக் கல்யாணத்துக்கே போகாத தம்பிகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

ரஸ் முப்பது பேருக்கு மேல் சொல்லியிருந்தான். அடாவடிக்குப் பேர்போன ஆட்கள் எல்லாரும் அந்த வரிசையில் வந்தார்கள். ஷவான் வரவில்லை.

அன்று சாயங்காலம் அவள் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

“ஜெயில்ல இருக்கிறானே வெண்டல், அவன் பேரைச் சொல்லியிருக்க. அவனுக்கு உன்னைத் தெரியுமாடா?”

தெரியாது என்றான் ரஸ்.

“அப்புறம் எதுக்குச் சொன்ன?”

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே உள்ளதைச் சொன்னான். அந்தப் பேர்களைச் சொன்னால் தன்னையும் இந்த ஊர்க்காரன் என்று நம்புவார்கள் என்று நினைத்தானாம். அவள் பேர் தனக்குள் இருந்ததால் வெளியே சொல்லத் தோன்றவில்லையாம்.

“நல்லா இருக்கு நியாயம். எனக்கு உன் தோல் ஒரு பிரச்சினையே இல்ல ரஸ். சின்ன வயசுலேர்ந்து பாத்துச் சலிச்ச தோலு. ஆனா ஒரு கறுப்புப் பொண்ணு போட்ட தாளத்தை எடுத்துக்கிட்டு அவ பேரை மறக்கிற வெள்ளைக்காரனுக்கு இந்த நாட்டுல ஏற்கெனவே ஒரு பேரு இருக்கு. அதை நான் உன் மூஞ்சிக்கு நேரா சொல்ல வேணாம்னு பாக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை வருவாயா என்று கேட்டான். சக்கரம் கட்டி ஓட வருவேன், தட்டு சுற்ற வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பசித்தது. கால் அவனைக் கிளீட்டஸின் கடைக்கு இழுத்துப் போயிற்று. எங்கள் ஊர்ச் சாப்பாடு அங்கே கிடைக்கும்: போலிஷ் பாய். நீள ரொட்டிக்குள் போலந்துச் சாசேஜ், அதன்மேல் உருளைக்கிழங்கு வறுவல், அதன்மேல் முட்டைக்கோஸ், எல்லாவற்றுக்கும் மேலே சிவப்புக் குழம்பு. கிளீட்டஸ் கறுப்பர், நாக்கில் எப்போதும் கத்தி வைத்திருப்பவர். ரஸ்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார், கேட்டு முடித்துவிட்டு ரொட்டியைத் தள்ளினார்.

“இதைப் பாரு. உள்ள இருக்கிறது உங்க ஆளுங்க சாசேஜ். மேல இருக்கிறது எங்க குழம்பு. நான் ஒருநாளும் சாசேஜையும் நானே கண்டுபிடிச்சேன்னு சொன்னதில்ல. பலகையிலேயே போலிஷ்னு எழுதி வெச்சிருக்கேன். உனக்கு மட்டும் என்ன கேடு?”

ரஸ் ரொட்டியை முழுதாகத் தின்றான்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. ரெட் வருகிறார் என்று கூடத்துக்காரர் அறிவித்ததும் கைதட்டல் கூரையைத் தொட்டது. ரஸ் மேடையேறினான். கைதட்டல் வண்டியை நிறுத்தினாற்போல் நின்றது. ஓடிக்கொண்டிருந்த சக்கரங்களும் ஒவ்வொன்றாக நின்றன. முன்வரிசையில் ஒரு அம்மாள் சாவகாசமாகக் கேட்டார்: “தம்பி, ரெட்டுக்கு மைக் சரிபாக்க வந்தியா?”

சிரிப்பு எழுந்தது. அப்புறம் பின்னாலிருந்து ஊளை எழுந்தது. ஒருவர் காசைத் திருப்பிக் கேட்டார். பழைய காருக்குச் சொந்தக்காரரும் அங்கேதான் இருந்தார். அவர் மச்சான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷவான் சக்கரம் வாடகைக்குக் கொடுக்கும் மேசையருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேடையில் தட்டுகள் சும்மா இருந்தன.

தாளம் இல்லை. ரஸ் மைக்கை எடுத்தான். எந்த ராப் பாடகனும் செய்யாததைச் செய்தான். கடைசியில் சொல்லவேண்டிய பேர்களை முதலில் எடுத்தான்.

“முதல் பேரு ஷவான், தாளமெல்லாம் அவ தந்ததுதான். மூஞ்சி காட்டாம பாடினவன் யாருன்னா, நான்தான், ஆமாம், நான்தான்.”

ஊளை நிற்கவில்லை, ஆனால் மெலிந்தது. அவன் நிறுத்தாமல் போனான். இந்த வரி எவரிடம் கேட்டது, அந்தச் சொல் எந்தப் பேருந்து நிறுத்தத்தில் காதில் விழுந்தது, மூச்சை எங்கே விடவேண்டும் என்று நிலவறையில் கத்திக் கத்திச் சொன்னது யார், எல்லாம் அதே இயைபில் வந்தது. ஷவானின் அம்மா பேர் வந்தது. குழம்பு ஊற்றிய கிளீட்டஸ் பேர் வந்தது. சிறையில் இருக்கும் வெண்டலிடம், உன் பேரை உன்னைக் கேட்காமல் எடுத்துவிட்டேன், திருப்பி வைத்துவிட்டேன் என்று சொன்னபோது யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். அது வெண்டலின் தங்கை. அவள் காலைத் தூக்கிச் சக்கரத்தால் தரையில் ஒரு குத்து குத்தினாள். பக்கத்தில் இன்னொரு கால். பிறகு ஒரு வரிசை. சக்கரங்கள் தரையில் இடிக்க இடிக்க அதுவே தாளமாயிற்று. ஆனால் இழுத்தது. ஆளுக்கொரு பக்கம் போயிற்று.

ஷவானால் எதைத் தாங்க முடிந்தாலும் இழுக்கிற தாளத்தைத் தாங்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டே உருண்டு வந்தாள், சக்கரத்தோடேயே மேடையேறினாள், தட்டில் ஊசியை வைத்தாள்.

“தப்பா இடிக்கிறாங்க,” என்று அவனிடம் சொன்னாள். “அதுக்காகத்தான் வந்தேன். புரியுதா?”

முன்வரிசை அம்மாள் சக்கரத்தை ஓட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து, சரி போலிஷ் பாய், பாடு என்றார். அன்றோடு ரெட் என்ற பேர் போயிற்று. போலிஷ் பாய் என்பது ஒட்டிக்கொண்டது.

எல்லாரும் மனம் மாறினார்கள் என்று சொன்னால் அது கதை. பாதிப் பேர் பாட்டு முடிவதற்குள் போய்விட்டார்கள். டாலிவர் அந்தக் கேசட்டை அப்புறம் கடையில் வைக்கவே இல்லை. கறுப்பர்களான எங்களிடமிருந்து போன பாட்டுகள் வேறு ஆட்களின் முகத்தோடு திரும்பிவந்ததைப் பார்த்து வயதானவர் அவர்; அது அவர் உரிமை, ரஸ்ஸும் அதைத் தப்பென்று சொன்னதில்லை, முடி மட்டும் அவரிடமே வெட்டிக்கொள்கிறான். இரண்டாம் முறை கேசட் போட்டபோது உறையில் படம் இருந்தது, இரண்டு பேருடைய படமும். ஷவானின் பேர் மேலே. அதற்குப் பிறகு தாளம் போட அவளுக்கு ஊரில் வேலை குவிந்தது. முதியோர் இல்லத்துச் சமையலை விட்டாள். ரஸ் பட்டறையை விடவில்லை. ஞாயிறு மதியம் கூடத்தில் பாடுவான், திங்கள் காலை காருக்கு அடியில் கிடப்பான்.

அப்படி ஒரு திங்கட்கிழமை அதே பழைய கார் மறுபடி வந்தது. சைலன்சர் மறுபடி போயிருந்தது. உள்ளே புதுக் கேசட் ஓடிற்று. ரஸ் இந்தமுறை, படுத்திருந்த சக்கரப் பலகையோடு உருண்டு வெளியே வந்தான்.

“அண்ணே, அது நான்தான். தாளம் ஷவான் போல்டன்.”

“தெரியும்,” என்றார் கார்க்காரர். “எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், பாடுறது என் சைலன்சர்காரன்னு. இதையாவது பொய்யில்லாம ஒழுங்கா மாட்டிவிடு.”