அக்காவின் எட்டாயிரம் வரிகள்

என் அக்கா மருந்துக் கிடங்கில் ஏதோ வேலை பார்க்கிறாள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஏதோ வேலை பார்ப்பது நான். அதே கிடங்கில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறேன். பதினான்கு வருடத்துக்கு முன் தரை துடைக்க வந்தவள் அவள். இன்று அவள் கையெழுத்து இல்லாமல் குளிர் அறையிலிருந்து ஒரு குப்பி இன்சுலின்கூட வெளியே போகாது. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அறைக் கதவுக்குப் பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறது. டேட்டா லாகர் என்பார்கள். உள்ளே தொங்கும் சென்சார் சொல்லும் வெப்பநிலையை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிந்துகொள்ளும். வந்த புதிதில் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அக்கா அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பழுது பார்க்க வந்தவரைக் கேள்வி கேட்டே துளைத்தெடுத்தாள். அவர் விட்டுப் போன கையேட்டை அகராதியும் கையுமாகப் படித்து முடித்தாள். "எனக்குக் காய்ச்சல்னா தொட்டுக்கூடப் பாக்க மாட்டா, அந்த அறைக்கு அரை டிகிரி ஏறினா பதறிடுவா" என்று அக்காவின் புருஷன், எங்கள் மாமா, இன்றும் சொல்லிக்காட்டுவார்.

ஒரு நாள் எனக்கும் விளக்கினாள்.

"உள்ள இடம் கம்மிடி. அதனால 5.1னு எழுதாது, வெறும் 51னு வெச்சுக்கும். புள்ளி, தேதி, நேரம், நடுவுல கமா, இதெல்லாம் நாம கேபிள் போட்டு வெளிய எடுக்கும்போதுதான் ஒழுங்கா வரிவரியா வரும். மொத்தம் எட்டாயிரம் வரி. நிறைஞ்சா நிக்காது. இருக்கறதுலயே பழைய வரி மேல புதுசை எழுதிடும்."

"அப்போ பழசு?"

"போச்சு. இருபத்தெட்டு நாள்கூட முழுசா ஞாபகம் இருக்காது அதுக்கு."

அதனால் திங்கட்கிழமைதோறும் கேபிள் மாட்டி எல்லா வரிகளையும் கணினியில் சேர்த்துவிடுவாள். புது மேலாளர் வந்தார், அதற்கு வந்தது வினை. அவர் ஒரு புரோகிராம் போட்டார். அது கேபிள் இல்லாமலே லாகரிலிருந்து வரிகளை வாங்கி, ஒரு மணி நேரத்துப் பன்னிரண்டையும் கூட்டி வகுத்து, சராசரியை மட்டும் வைத்துக்கொள்ளும். "மூல வரியும் வேணும் சார்" என்று அக்கா மூன்று முறை சொன்னாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "எல்லாம் தானா வருதும்மா" என்று கேபிளை வாங்கித் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் தானா சார்.

மாதக் கடைசியில் அறிக்கை அச்சாகி வந்தது. குளிர் அறை எட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. நான்கு வாரத்துக்கு முந்தைய ஒரு மாலை, ஆறு முதல் ஏழு மணி வரை, சராசரி 11.7 என்று இருந்தது. மறுநாள் காலையிலேயே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வாளர் அம்மா வந்து இறங்கினார். முந்நூறு பெட்டி இன்சுலினையும் அழிக்க வேண்டும், பொறுப்பாளரான அக்காவின் கையெழுத்து உரிமையை ரத்து செய்ய வேண்டும் என்று படிவம் நிரப்ப ஆரம்பித்தார்.

தானா சார் அக்காவைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். "அந்த ஒரு கட்டத்துல மட்டும் 5.1னு மாத்திடும்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் சார்" என்றாள் அக்கா. "கேபிளைக் குடுங்க."

அந்தத் தேதியைப் பார்த்ததுமே அவளுக்குப் பொறி தட்டிவிட்டது. தன் நோட்டைப் புரட்டினாள். அன்று மாலை ஆறரை தாண்டி லாகருக்குப் புது பேட்டரி போட்டிருக்கிறாள். அறிக்கையின் பின்பக்கத்தில் எட்டாயிரத்தை ஐந்தால் பெருக்கினாள், கடிகாரத்தைப் பார்த்தாள், ஆய்வாளரிடம் ஓடினாள்.

அப்போது மணி பன்னிரண்டு இருபது. ஆய்வாளர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். "சாப்பிட்டுட்டு வந்து பாக்கலாமே."

"வேண்டாம் மேடம். ஒண்ணேகாலுக்கு அந்த வரி மேல வேற வரி ஏறிடும். அப்புறம் நான் சொல்றதுக்கு சாட்சியே இருக்காது."

என் அக்கா ஒரு அதிகாரியைச் சாப்பிடப் போக விடாமல் நிறுத்தி நான் பார்த்தது அன்றுதான். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

பழைய கேபிள், ஆமை வேகம். அரை மணி நேரம் வரிகள் இறங்கின. அக்கா விரலை வைத்துத் தேடிக் காட்டினாள். ஆறு முப்பதுக்கு 5.0. ஆறு முப்பத்தைந்துக்கு 85.0. ஆறு நாற்பதுக்கு 5.1.

"அஞ்சு நிமிஷத்துல எண்பத்தஞ்சுக்கு ஏறி, அடுத்த அஞ்சு நிமிஷத்துல இறங்குற அறை உலகத்துல உண்டா மேடம்? கரண்ட் போய் வந்ததும் இந்த சென்சார் அளக்கறதுக்கு முன்னாடியே முதல் வரியா 85னு ஒண்ணைச் சொல்லும். தூக்கத்துல எழுப்பினா உளர்ற மாதிரி. நான் கண்டா தள்ளி வெச்சிடுவேன். புரோகிராம் அதையும் சேர்த்துக் கூட்டிடுச்சு."

"நிரூபிக்க முடியுமா?"

அக்கா அவர் கண்முன்னாலேயே பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். முதலில் விழுந்த எண் 85.0. அடுத்தது 5.0. ஆய்வாளர் தானே காகிதத்தில் போட்டுப் பார்த்தார்: பதினொரு வரிகள் ஐந்து ஐந்தாக, ஒன்று எண்பத்தைந்து, பன்னிரண்டால் வகுத்தால் 11.7. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அங்கேயே கை தட்டியிருப்பேன், வேலை போய்விடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

அழிக்கும் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆய்வாளர் சாப்பிடப் போனார். ஒன்றரைக்குத் திரும்பி வந்து, "அந்த வரியைக் கருவியிலேயே இன்னொரு தடவை காட்டுங்க" என்றார். அக்கா காட்டினாள். இருப்பதிலேயே பழைய வரி இப்போது ஆறு ஐம்பத்தைந்து.

"எண்பத்தஞ்சு எங்கே?"

"போயிடுச்சு மேடம். கால் மணி நேரம் ஆச்சு. இனி கணினியில நாம எடுத்து வெச்சதுதான்."

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தானா சாரைப் பார்த்தார். தானா சார் அக்கா பக்கம் திரும்பி, "கேபிளை இனிமே நீயே வெச்சுக்கம்மா" என்றார்.

அக்கா அதை முன்பே சுருட்டித் தன் பையில் போட்டிருந்தாள்.