அண்ணனுக்குச் சவரம் செய்த ஞாயிறுகள்

ஒன்றரை வருடம் பேசாமல் இருந்தேன். போதும்.

படிகாரம் நனைந்தால் ஒரு வாசனை வரும். பலருக்கு அது வாசனையே இல்லை. எனக்கு அது உசிலம்பட்டியில் என் அண்ணன் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் காலை.

சவரக்கத்தி என் கைக்கு வந்தது தற்செயல். கடையில் விற்கும் மூன்று பிளேடு ரேசர் எனக்கு ஒத்துக்கொள்ளாது, கழுத்தெல்லாம் கொப்புளம். ஒரு நாள் பழைய சாமான் சந்தையில், மடக்குகிற பழங்காலத்துக் கத்தி ஒன்று கிடந்தது. வாங்கி வந்து வீடியோ பார்த்துப் பழகினேன்.

சவரம் சீக்கிரம் வந்துவிட்டது. கத்தியைப் பராமரிப்பதுதான் பெரிய பாடு. கூரைச் சீராக்கத் தோல்வாரில் இழுத்துத் திருப்பும்போது கத்தி அதன் முதுகின் மேல் புரள வேண்டும். நான் கூர்ப்பக்கமாகப் புரட்டி முதல் தோல்வாரை இரண்டாகக் கிழித்தேன். ஈரத்தோடு மடக்கி வைத்துத் துரு ஏற்றினேன். பிறகுதான் துடைத்து, காயவைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வைக்கும் பழக்கம் வந்தது.

கல்லில் தீட்டியதும் கூர் வந்துவிட்டதா என்று முன்கை முடியில் வைத்துப் பார்ப்பேன். கல்லூரியில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, கைக்கு மட்டும் மொட்டை போட்டிருக்கீக... எந்தச் சாமிக்கு வேண்டுதல்?" என்றார். டிபார்ட்மெண்டே சிரித்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணி போன் செய்தார்.

நான் வேறு சாதியில் கட்டினேன் என்று என் கல்யாணத்துக்கு வராதவர் அண்ணன். பதினாறு வருடம் பேச்சுவார்த்தை கிடையாது. இப்போது பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது, தலை சற்று ஆடிக்கொண்டே இருக்கும். கண்டக்டராக இருந்த காலத்தில் ஒரு நாள்கூடத் தாடியோடு வண்டி ஏறாத மனிதர். சலூன்காரர் ஒரு முறை வீட்டுக்கு வந்திருக்கிறார். தலை ஆடுவதையும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் கேட்டு, பெட்டியைத் திறக்காமலே போய்விட்டார். மெஷின் போட்டால் முள் முள்ளாக நிற்கிறது என்று அண்ணனுக்கு எரிச்சல்.

"தம்பி, நீங்க கத்தி வச்சு செய்றீகளாமே... கேக்கச் சொன்னாரு" என்றார் அண்ணி.

அவராகக் கேட்கவில்லை. கேட்கச் சொன்னார். அதற்கும் எனக்குக் கோபம்தான். ஆனாலும் ஞாயிறு காலை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

சோப்பு நுரை போட்டு, இடது கையால் அவர் தலையைப் பிடித்துக் கத்தியைக் கழுத்தில் வைத்தேன். வாய் கோணியிருந்தாலும் பேச்சு தெளிவாகத்தான் வந்தது.

"என்னடா... இன்னும் கோவம் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிரு."

"ஆடாம இருங்க."

"ஆடாம இருக்க முடிஞ்சா உன்ன எதுக்குடா கூப்பிடுறேன்?"

அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார்.

ஐந்தாவது வாரம் தப்பு நடந்தது. கல்லில் புதிதாகத் தீட்டிய கத்தியை முதலில் என் முகத்தில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போவேன். அந்த வாரம் தேர்வு வேலை... ஓட்டிப் பார்க்கவில்லை. தாடைக்குக் கீழே சின்னக் கீறல். ஆனால் அந்த மாத்திரையால் ரத்தம் நிற்கவில்லை. படிகாரத்தை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது நிமிடம்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உன் கல்யாணத்தன்னைக்கு நான் வந்தேன்டா. மண்டபத்துக்கு எதிர்த்தாப்ல டீக்கடையில உக்காந்திருந்தேன். மேளச்சத்தம் கேட்டுச்சு. கால் வரல..."

ரத்தம் நின்றது எனக்குத் தெரிந்தது. விரலை எடுக்கத்தான் மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணியின் தம்பி உள்ளே வந்தார். சிவந்த துண்டு, திறந்த கத்தி, அண்ணன் கழுத்தில் என் கை. "என்ன அநியாயம் இது!" என்று கத்தினார்.

"சேவிங்கு மாப்ள. நீ போய் காப்பி குடி" என்றார் அண்ணன்.

அவர் காப்பி குடித்துவிட்டுப் போய் ஊரெல்லாம் சொன்னார். பழைய பகைக்குத் தம்பிக்காரன் கத்தி வைத்துவிட்டான் என்று.

அதற்குப் பிறகும் எட்டு மாதம் ஒரு ஞாயிறு தவறாமல் போனேன். கத்தியை முதலில் என் முகத்தில் ஓட்டாமல் ஒரு முறைகூட எடுத்துப் போகவில்லை. இன்னொரு கீறல் விழவில்லை.

பிறகு ஆஸ்பத்திரி. நான்கு நாள். ஐந்தாம் நாள் அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முகமெல்லாம் நரைமுள். அவரை அப்படி அனுப்ப எனக்கு மனசில்லை. பையில் கத்தி இருந்தது. எடுத்தேன்.

அண்ணியின் தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தார். "நீ கத்தியத் தொடாத. உசுரோட இருக்கையில பட்டது போதாதா?"

அது எல்லோர் காதிலும் விழுந்தது. அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேறொருவர் வந்து, நுரைகூடப் போடாமல் இரண்டு நிமிடத்தில் மழித்தார். வலது தாடைக்குக் கீழே அண்ணனுக்கு முடி மேல்நோக்கி வளரும். கீழிருந்து போகக்கூடாது, மேலிருந்துதான் இறங்க வேண்டும். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் முள் அப்படியே நின்றது. அதோடுதான் அண்ணன் போனார்.

அப்போதெல்லாம் ஞாயிறு என்றால் விடியும்போதே பஸ் நிலையத்தில் நிற்பேன். இப்போது ஞாயிறு பத்து மணி வரை தூங்குகிறேன்.

இதை முதலில் என் பெயர், அவர்கள் பெயர், தெருப்பெயர் எல்லாம் போட்டுத்தான் எழுதினேன். எல்லோரும் படிக்கட்டும் என்ற ஆத்திரம். பிறகு யோசித்தேன். படித்துவிட்டு நாலு பேர் நேரே அண்ணியிடம் போய், "எழுதியிருக்கறதெல்லாம் நெசமா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால், அவர் இப்போது இருக்கிற தன் தம்பி வீட்டில் இருக்க முடியாது. இல்லை என்றால்... அதை அவர் வாயால் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

அண்ணி மேல் உள்ள வருத்தம் போகவில்லை. போகவும் போகாது. ஆனாலும் ஊர்ப்பெயர்களைத் தவிர மற்றதையெல்லாம் அழித்துவிட்டேன். இந்தக் குழுவில் பெயர் இல்லாமல் பதிவு போடலாமாம். அப்படியே போடுகிறேன்.