சாப்பாட்டு மேசையில் சிலிண்டர் ஹெட்

கணவர் இறந்த அன்று, அவர் வேகம் கூட்டுவதற்காகத் தன் சின்னக் காரின் இன்ஜினிலிருந்து கழற்றிய மேல்பாகம், சிலிண்டர் ஹெட், சாப்பாட்டு மேசைமேல் செய்தித்தாள் விரிப்பில் கிடந்தது. வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தவருக்கு மாரடைப்பு. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அதைச் சுற்றித்தான் காபிக் கோப்பைகளை வைத்தார்கள். அவள் அதை நகர்த்தவில்லை.

பல் செட் செய்வது அவள் தொழில். சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். "ஒரு தடவை வாய்விட்டு அழுதுடுடி," என்று அக்கா போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை, மணி பார்த்துச் சாப்பிட்டாள்.

கணவரின் தம்பி ஒருநாள் வந்தார்.

"அண்ணி, இதைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம். பார்க்கவே கஷ்டமா இருக்கு."

"எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. இன்னும் என்ன வேலை பாக்கின்னு அவரோட மெக்கானிக்கைக் கேளுங்க."

அவர் அவளை ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்துப்போனார். மெக்கானிக்குக்குச் சைலன்சர் என்று பட்டப்பெயர்; தெருமுனை வரை கேட்கிற குரல்.

"இதுல காத்தை உள்ள தள்ளிவிட டர்போ கிடையாது மேடம். காத்தை இன்ஜின் தானாத்தான் இழுக்கணும். நாம மூக்கடைப்பை எடுத்துவிடுறோம், அவ்வளவுதான். காத்து போற நாலு வழியில சார் ரெண்டை அரைச்சு அகலப்படுத்திட்டார். மிச்சம் ரெண்டு. அப்புறம் வேற கேம் ஷாஃப்ட், வால்வு கூடுதல் நேரம் தெறந்திருக்க."

"அந்த ரெண்டை நானே அரைக்கிறேன்."

"மேடம், அது பல் இல்ல."

"தெரியும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் முகமூடியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, பல் அரைக்கும் கருவியால் அலுமினியத்தை அரைத்தாள். ஒருமுறை கை வழுக்கி வால்வு உட்காரும் இடத்தில் கீறல் விழுந்தது. அதைச் சரிசெய்யச் சைலன்சருக்கு அரைநாள் பிடித்தது. அளவு பார்க்கக் கணவர் முடித்த வழிக்குள் விரலை விட்டாள். உள்ளே ஒரு மேடு தட்டுப்பட்டது. அவசரக்கை. அதைத் தேய்த்தால் அவர் கைப்பட்ட இடம் போய்விடும் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி. தேய்த்துவிட்டாள்.

இன்ஜின் பூட்டியானதும் காரை உருளைகள்மேல் ஏற்றிச் சக்தியை அளந்தார்கள். கணினியில் எரிபொருள் அளவைத் திருத்தித் திருத்தி ஓட்டியதில், முன்னைவிடப் பதினொரு குதிரைத்திறன் கூடியிருந்தது. கொழுந்தனார் சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். சைலன்சர்கூட மெதுவாகப் பேசினார். அவள் திரையிலிருந்த கோட்டைப் பார்த்தாள். அது மேலே போயிருந்தது.

மறுநாள் அந்தக் காரிலேயே வேலைக்குப் போனாள். புது கேம் ஷாஃப்டால் வந்த சக்தியெல்லாம் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போதுதான். சிக்னலில் நிற்கும்போது வண்டி உதறியது. கிளம்பும்போது இழுவை இல்லாமல் அணைந்துபோனது. பின்னாலிருந்தவர்கள் ஹாரனை வைத்து அழுத்தினார்கள். திரும்பச் சாவியைத் திருப்பினாள். கோபமோ வெட்கமோ இல்லை.

ஒரே ஒருமுறை, புறவழிச்சாலையில் யாருமில்லாதபோது, மிதியை முழுக்க அழுத்தினாள். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் ஐயாயிரத்தைத் தாண்டியதும் சத்தம் மாறியது; முதுகு இருக்கையோடு ஒட்டியது. தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. விட்டாள். காலையும் எடுத்தாள்.

அடுத்த வாரம் சைலன்சரிடம் போய் நின்றாள்.

"பழைய கேம் ஷாஃப்டையே போட்டுடுங்க."

"மேடம், வந்த பவர்ல பாதிக்கு மேல போயிடும்."

"போகட்டும். நான் தினம் இதுல வேலைக்குப் போகணும்."

"சார் இதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டார்?"

"ஆமாம்," என்றாள். "அவருக்குப் பிடிச்சிருக்கும்."

கழற்றிய கேம் ஷாஃப்டைக் கொழுந்தனார் எண்ணெய்த் துணியில் சுற்றி எடுத்துப்போனார். அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. அரைத்த ஹெட் மட்டும் வண்டியிலேயே இருந்தது. சிக்னலில் இப்போது கார் அணைவதில்லை. அவள் அதில்தான் இன்னமும் வேலைக்குப் போய்வருகிறாள். எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், "பரவாயில்ல, ஓடுது," என்கிறாள்.