தழும்பில்லாத ரேகை

மாதம் ஒருமுறை பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் நாகப்பனின் கரியடுப்பு லோரி அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து இரைந்துகொண்டு மலையேறி வரும். அதில் கடிதக் கட்டு இருந்தால் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அன்றைக்கு ஒருத்திக்கும் மரவள்ளிக்கிழங்கு தொண்டையில் இறங்காது. கட்டு முதலில் லூர்தம்மாள் கைக்குத்தான் போகும். அந்த லயத்துப் பெண்களில் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஜெபப் புத்தகம் வாசிக்கட்டும் என்று சிறு வயதில் தாப்பாக் கோயில் உபதேசியார் சொல்லிக்கொடுத்த எழுத்து அது. அதை அவள் தன் மகன் அகஸ்டினுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

போன வருஷம், ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று தெரிந்ததும், பிடிபட்டுப் போவதைவிடத் தானாகப் போவது மேல் என்று ஐந்து ஆண்கள் இந்திய தேசியப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார்கள். ஐவரில் எழுதத் தெரிந்தவன் அகஸ்டின் மட்டும். ஆகவே ஐந்து கடிதமும் அவன் கையெழுத்திலேயே வரும். மற்ற நால்வரும் அடியில் கட்டைவிரலை ஊதா மையில் அழுத்தியிருப்பார்கள். தாய்க்கு எழுதுவதுதான் இருப்பதிலேயே குட்டை. "நலம். தங்கள் நலமறிய ஆவல். அகஸ்டின்." லூர்தம்மாளுக்கு உள்ளூர எரிச்சல்தான். ஊரார் பெண்டாட்டிகளுக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிற பிள்ளைக்குத் தாய்க்கு எழுதும்போது மட்டும் மை வற்றிப்போகிறது. ஆனாலும் அந்த ஒரு வரியை வாசித்தால்தான் அடுத்த மாதம்வரை அவளுக்கு மூச்சு விட முடியும்.

ஐப்பசிக் கட்டு சனிக்கிழமை வந்தது. தன்னுடையதைப் பார்த்துவிட்டு மற்றவற்றை அடுக்கும்போது சிங்காரத்தின் கடிதத்தில் அவள் கை நின்றது.

சிங்காரம் கவ்வாத்துக்காரன். செடியின் கிளையை இடக்கையில் பிடித்து வலக்கைக் கத்தியால் வெட்டும் வேலை. ஒருநாள் கத்தி வழுக்கி இடக் கட்டைவிரலைப் பிளந்துவிட, துணி கிழித்துக் கட்டிவிட்டவளே லூர்தம்மாள்தான். ரேகை வைத்தால் அந்தத் தழும்பு மைக்கு நடுவே வெள்ளைக் கோடாக விழும். இந்தக் கடிதத்தில் கோடு இல்லை. நத்தை ஓடு போல ஒரு சுழி, முழுசாக.

கடிதத்தை வாசித்தாள். "அன்புள்ள மனைவி அம்மாக்கண்ணுவுக்கு, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்." சிங்காரம் ஒரு கடிதத்திலாவது பெண்டாட்டியைத் திட்டாமல் விட்டதில்லை. சொன்ன வசவை அகஸ்டினும் அப்படியே எழுதுவான். இந்தக் கடிதம் முழுக்க மகனின் குரல்தான். விரலும் அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் சிங்காரம் என்ன ஆனான்?

எழுந்தாள், உட்கார்ந்தாள். கிழங்கை அடுப்பில் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்தாள். வெளியே வந்து, இரண்டு வருஷமாகக் கவ்வாத்து விழாமல் ஆளுயரத்துக்கு மரமாகிப்போன தேயிலைக்குள் நடந்துவிட்டுத் திரும்பினாள். நாலு வீடு தள்ளி அம்மாக்கண்ணு வீட்டுக் கூரைத் தகரம் ஆணி விட்டுப் போய், காற்றடிக்கும்போதெல்லாம் படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தது. உண்மையை உடைத்தால் அழுகை ஊரெல்லாம் கேட்கும். மகன் பொய் ரேகை வைத்தது படைக்குத் தெரிந்தால் கடிதமே நின்றுவிடும். அவளுடைய ஒரு வரியும் சேர்ந்து நின்றுவிடும். சட்டை ஊசியை எடுத்து, ரேகையின் குறுக்கே மையைச் சுரண்டிச் சாய்வாக ஒரு கோடு கிழித்தாள். கட்டுப்போட்ட அந்த விரலைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டே கிழித்தாள்.

ஞாயிறு மதியம் பைப்படியில் பெண்கள் கூடினார்கள். முதலில் ஜெயாவின் கடிதம்.

"'அன்புள்ள ஜெயாவுக்கு'..."

"யக்கா, அத மட்டும் இன்னொருக்கா படிங்க," என்றாள் ஜெயா. "கல்யாணம் கட்டி ஆறு வருசத்துல எம்புருசன் என்னை 'ஏய்'னுதான் கூப்ட்டிருக்கு. அன்பெல்லாம் உங்க மவன் சொந்தச் சரக்குதானே?"

"கெடைச்சத வச்சுக்கடி," என்றாள் சரோஜா. "சேலை இல்லாம சாக்கு கட்டிக்கிட்டுத் திரியறோம், இவளுக்கு அன்புல கொற கண்டுபிடிக்கணும்லா!"

சிரிப்பு அடங்குவதற்குள் லூர்தம்மாள் சிங்காரத்தின் கடிதத்தை எடுத்தாள். காகிதத்தில் இல்லாததை வாய் சேர்த்தது. "'கூரைத் தகரத்தைக் கட்டினாயா, இல்லை இன்னும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாயா, சோம்பேறிக் கழுதை?'"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கி, ரேகையின்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள். வழக்கமாகச் செய்வதுதான். பிறகு மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் அவள் லூர்தம்மாள் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். பழைய கடிதங்களில் மூன்றையும் புதியதையும் பாயில் வரிசையாகப் பரப்பினாள்.

"யக்கா, எனக்குப் படிக்கத் தெரியாது. இத மட்டுந்தான் நான் படிப்பேன்." பழைய மூன்றிலும் கோடு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. புதியதில் வலப்பக்கம். "வெரல்ல இருக்கிறது காயிதத்துல விழுந்தா மாறித்தான் விழும். நீங்க வெரல்ல இருந்த மாரியே கிழிச்சிட்டீங்க."

லூர்தம்மாள் குனிந்து நான்கையும் பார்த்தாள்.

"சொல்லுங்க. ஆளு இருக்கா, இல்லையா?"

"தெரியலடி. சத்தியமாத் தெரியல. தழும்பு இல்லாமத்தான் வந்துச்சு. எம்மவன் ரேகையோன்னு நெனைச்சேன்."

"அப்ப அவன் நல்லாருக்கான்." அதில் குத்தல் இருந்ததா, ஆறுதல் இருந்ததா என்று லூர்தம்மாளால் பிரிக்க முடியவில்லை. "அவனுக்கு எழுதுங்க. உள்ளத உள்ளபடி எழுதச் சொல்லுங்க. நீங்க படிக்கிறத நான் இனி நம்ப மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. பொய்க்கு வச்ச அதே வெரல நெசத்துக்கும் வக்கச் சொல்லுங்க. நான் பாத்துக்கிறேன்."

"படையில பிரிச்சுப் பாப்பானுங்கடி. அப்புறம் காயிதமே வராமப் போயிடும். எனக்கும்..."

"ஆமா, உங்களுக்கும்."

லூர்தம்மாள் அன்று இரவு முழுக்க ஜெபமாலையை உருட்டினாள், மணி எண்ணிக்கை ஒருமுறையும் சரியாக வரவில்லை. காலையில் எழுதினாள். மலையிறங்கக் கிளம்பிய நாகப்பன் அதை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அடுத்த மாதம் கட்டு வரவில்லை. தூரத்தில் எந்த லோரி இரைந்தாலும் லூர்தம்மாள் கிழங்குக் கூடையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினாள். வந்ததெல்லாம் மேலே திரிங்காப் ஊரிலிருந்து இறங்கும் காய்கறி லோரிகள். "உங்களுக்காக நான் புதுசா லெட்டர் அச்சடிக்கவா முடியும், பெரியம்மா?" என்று நாகப்பன் சலித்துக்கொண்டான். இந்தத் தடவை தன் கையாலேயே தன் பிள்ளையின் வரியை அறுத்துவிட்டோமோ என்று அவள் மனம் அரித்தது. அம்மாக்கண்ணுவைக் கண்டால் ஒதுங்கிப் போனாள். அம்மாக்கண்ணுவும் கூப்பிடவில்லை. தகரம் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

மார்கழியில் கட்டு வந்தது. மூன்று வழக்கமான கடிதங்கள், அகஸ்டினின் குட்டைக் கடிதம், அம்மாக்கண்ணு பெயருக்குத் தடியாக ஒன்று. லூர்தம்மாள் தன்னுடையதைக்கூடப் பிரிக்காமல் நேரே அங்கே போனாள். அம்மாக்கண்ணு முன்னால் பிரித்து, நின்றபடியே வாசித்தாள்.

"'சின்னம்மா, சித்தப்பா புரட்டாசி மாதம் பதினோராம் தேதி காய்ச்சலில் போய்விட்டார். ஒன்பது நாள் படுத்திருந்தார். எனக்கு எழுத மனம் வரவில்லை. அவர் பெயரில் எழுதியது நான்தான், விரலும் என்னுடையது. மன்னிக்கவும். கடைசியில் நினைவு தப்பும்வரை உங்களைத் திட்டிக்கொண்டிருந்தார். தகரம் பறந்து எவன் தலையிலாவது விழப்போகிறது, அந்தக் கழுதைக்குச் சொன்னால் ஏறாது என்றார்.'"

"கழுதைன்னு எழுதியிருக்கா? நீங்க சேக்கலியே?"

லூர்தம்மாள் கடிதத்தை நீட்டினாள். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஊதா மையில் ஒரு சுழி. அம்மாக்கண்ணு ஐப்பசிக் கடிதத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். ஊசிக் கோட்டுக்கு இருபுறமும் அதே நத்தை ஓடு. இரண்டின்மேலும் விரலை மாற்றி மாற்றி வைத்தாள். வெகு நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து காகிதத்தில் சொட்டும் முன்பே முந்தானையால் துடைத்துக்கொண்டாள். மை கலைந்துவிடுமே என்று.

வெளியே தகரம் படார் என்றது.

"யக்கா," என்றாள், எழுந்தபடி. "அந்த ஏணியக் கொஞ்சம் வந்து பிடிங்க."